படியேறும் மூச்சு

ராயபுரம் மார்க்கெட்டில் மீன் விற்கும் பெண்கள் அவரைத் தூரத்தில் கண்டதுமே கூடையின் மேல் ஈரச் சாக்கை இழுத்து மூடுவார்கள். ஒரு வஞ்சிரம் வாங்குவதற்குள் அவர் பத்து மீன்களின் செவுளைத் தூக்கிப் பார்ப்பார். கண்ணை விரலால் அழுத்துவார். வாலைப் பிடித்துத் தூக்கி, உடல் விறைப்பாக நிற்கிறதா என்று பொறுமையாகக் காத்திருப்பார்.

“இன்னா மிஸ்ஸி, மீனு வாங்க வந்தியா, மாப்ள பாக்க வந்தியா?” என்று ஒருத்தி ஒருநாள் கேட்டாள்.

“மாப்ளயும் பாத்தேன். செவுளு வெளுத்துக் கெடந்துச்சு. வோணாம்னுட்டேன்,” என்றார் அவர், மீனிலிருந்து கண்ணை எடுக்காமலே.

அவர் ராயபுரத்து ஆங்கிலோ இந்தியப் பெண்மணி. நான் அறிந்தபோது வயது ஐம்பதைத் தொட்டிருந்தது, மணமாகவில்லை. கப்பல்களில் சரக்கு ஏற்றி இறக்கும் ஒரு கம்பெனியின் மாடி அலுவலகத்தில் தட்டச்சு செய்பவராகச் சேர்ந்து, காலப்போக்கில் எந்தத் தாளும் அவருடைய சிவப்புப் பென்சிலைத் தாண்டாமல் மேலாளர் மேசைக்குப் போகாது என்ற நிலைக்கு உயர்ந்திருந்தார். கூலிகளுக்கு அவர் மிஸ்ஸி. எனக்கு மிஸ். அவருக்கு நான் பி.ஏ. என் பெயரைச் சொல்லி அவர் அழைத்ததாக நினைவில்லை. மூன்று ஆண்டுகளுக்குமேல் ஒரே அறையில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம்.

எதையும் சோதிக்காமல் அவரால் ஏற்க முடியாது. புதுப் பேனா முள்ளை நகத்தில் கீறிப் பார்ப்பார். தேநீர் வந்தால் முதலில் முகர்வார். டிராம் நடத்துநர் கொடுத்த சீட்டை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்து, பின்னால் நிற்பவர்களின் ஏச்சை வாங்கிக்கொள்வார். முதலில் எனக்கு இது எரிச்சலாக இருந்தது. இந்த மனம் யாரையாவது நம்பியதுண்டா என்று யோசித்திருக்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் நான் எழுதிய ஒரு கடிதத்தை எடுத்துக்கொண்டு மேலாளரிடம் புறப்பட்டேன். அவர் என் முழங்கையைப் பிடித்து நிறுத்தினார்.

“வெட் பண்ணாம எங்க மேன் போறே?”

கல்லூரியில் நாடகமும் செய்யுளும் படித்து வந்தவனுக்கு அலுவலக ஆங்கிலம் தனி மொழி. அந்தச் சொல்லுக்குப் பொருள் தெரியாது என்று ஒப்புக்கொண்டேன்.

“குதிரை டாக்டர், மேன். அதான் அர்த்தம்,” என்றார்.

அவர் விளையாடவில்லை. கால்நடை மருத்துவருக்கு ஆங்கிலத்தில் உள்ள நீண்ட பெயரின் தலைத்துண்டு அது. முதலில் அந்த மருத்துவரைச் சுருக்கமாக அப்படி அழைத்தார்கள். பிறகு ஒரு விலங்கை அவரிடம் காட்டிச் சோதிப்பதே அந்தச் சொல்லால் வினையாயிற்று. பந்தயத்துக்கு முன்பும் விலை பேசுவதற்கு முன்பும் குதிரைக்கு அந்தச் சோதனை நடந்தது. நாளடைவில் மனிதரும் தாள்களும் அதே வரிசையில் வந்து நின்றார்கள். ஒருவரையோ ஓர் ஆவணத்தையோ ஏற்றுக்கொள்வதற்கு முன், குறை உண்டா என்று துருவிப் பார்ப்பதுதான் இன்று அதன் பொருள். அரசு அலுவலகங்களில் அதைச் சொல்லாமல் ஒரு கோப்பும் நகராது. பின்னர் நூலகத்தில் பெரிய அகராதியைப் புரட்டியபோது இன்னும் ஒரு படி கீழே இறங்க முடிந்தது. மூலமான லத்தீன் சொல் பொதி சுமக்கும் விலங்குகளைக் குறித்ததாம். எங்கள் அலுவலகத்தின் கீழே மூட்டை சுமக்கும் மனிதர்கள் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். அன்று அகராதியை வேகமாக மூடிவிட்டேன்.

அவருக்கு அந்தச் சொல் அகராதியிலிருந்து வரவில்லை. அவருடைய தந்தை குதிரை மருத்துவரின் உதவியாளர். பட்டாளத்துக்காக ஆஸ்திரேலியாவிலிருந்து குதிரைகளைக் கப்பலில் ஏற்றிவந்து சென்னையில் இறக்கிய காலத்தில், அவற்றைச் சோதிப்பவர்களில் ஒருவராக இருந்தார். சிறுமியாக இருந்த இவர் சுவரோரம் நின்று பார்த்திருக்கிறார்.

“பல்லை எல்லாரும் பாப்பான். குளம்பை எல்லாரும் தூக்குவான். டாடி அது ஒண்ணும் பண்ண மாட்டார். குதிரைய ஓட வுட்டுட்டுக் கண்ணை மூடிக்குவார். மூச்சை மட்டும் கேப்பார். பல்லை ராவலாம், குளம்பைப் பூசலாம். மூச்சை இன்னா மேன் பண்ண முடியும்?”

அந்தக் காதை அவர் மகளுக்குக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அது எங்கள் அலுவலகத்தில் எத்தகைய வேலை செய்தது என்பதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

துறைமுகத்தில் அதுவரை கூலிக்கு ஆள் எடுப்பது விடியலில், வாசலில் நடந்தது. மேஸ்திரி விரலை நீட்டுவார். நீட்டிய திசையில் இருந்தவனுக்கு அன்று வேலை. இந்த இழிவு ஒழிய வேண்டும் என்று மனதார விரும்பியவர்களில் நானும் ஒருவன். ஆகவே, நிலையான ஆட்களின் பட்டியலைத் தயாரித்து ஒவ்வொருவருக்கும் எண் பொறித்த பித்தளை வில்லை கொடுக்கப் போவதாகக் கம்பெனி அறிவித்தபோது மகிழ்ந்தேன். பட்டியலை எழுதும் வேலை என்னுடையது. அதன் மறுபக்கம் சற்றுத் தாமதமாகவே எனக்குப் புரிந்தது. எண் உள்ளவனுக்கு நாள்தோறும் வேலை உண்டு. எண் இல்லாதவனுக்கு இனி வாசலில் நிற்கவும் இடமில்லை.

உடல் தகுதிக்கு ஒரு மருத்துவர் வந்தார். நாக்கை நீட்டச் சொல்லி, நீட்டுவதற்குள் கையெழுத்திட்டார். பட்டியலைச் சோதித்து முடிக்கும் பொறுப்பு மிஸ்ஸியிடம் வந்தது. “ஒவ்வொருத்தனும் ஃபாரத்தை எடுத்துகினு அவனே மேல வரணும்,” என்று அவர் நிபந்தனை விதித்தார். எங்கள் அலுவலகத்துக்கு இருபத்தேழு மரப்படிகள். பதினைந்தாவதில் ஒரு திருப்பம். செங்குத்தான, காற்று புகாத படிக்கட்டு அது. அவர் படிக்கட்டுக்கு முதுகைக் காட்டி, கம்பிவலை அடித்த ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். ஆள் ஏறிவந்து, அறையை மறித்த மரத்தடுப்பின் மேல் தாளை வைப்பான். அவர் திரும்பாமலே பத்து எண்ணும் அளவுக்குக் காத்திருப்பார். பிறகு சிவப்புப் பென்சில் ஏறும், அல்லது ஏறாது.

“இன்னா மாமு, மிஸ்ஸி வெட்டிச்சா, வுட்டுச்சா?” என்று கீழே நிற்பவர்கள் கேட்டுச் சிரிப்பார்கள். இறங்கி வருகிறவன் சிரித்தால் வில்லை உண்டு.

அந்த நாட்களில் அவரே ஒரு சோதனையில் நின்றுகொண்டிருந்தார். சகோதரியின் குடும்பம் ஆஸ்திரேலியாவில் குடியேறக் கப்பலேறிப் போய்விட்டது, இவரும் விண்ணப்பித்திருந்தார். வெள்ளை வம்சம் என்பதற்குத் தாத்தாவின் ஞானஸ்நானச் சான்று வேண்டும் என்று தாள்கள் திரும்பி வந்தன. தேடிக் கொடுத்தார். அதற்கும் முந்தைய தலைமுறையின் சான்று கேட்டார்கள். “என்னையும் வெட் பண்றாங்க மேன்,” என்று ஒருநாள் சொன்னார். “டாடி கூட நாலு பாட்டனுக்கு முன்னாடி போய்ப் பல்லைப் பாத்ததில்லே.” சிரித்துக்கொண்டே சொன்னாலும், அன்று பகல் முழுவதும் தட்டச்சில் தவறிக்கொண்டேயிருந்தார். பதில் கடைசிவரை வரவில்லை.

ஏழுமலையும் தணிகாசலமும் கொருக்குப்பேட்டையில் ரயில் பாதையோரம் வசித்த அண்ணன் தம்பிகள். ஒரே மூக்கு, ஒரே நெற்றி. ஐந்து வயது இடைவெளி. மூத்தவன் ஏழுமலைக்கு நெஞ்சில் நீர் கோத்திருந்தது. ஒரு வாக்கியத்தை இரண்டு தவணையாகத்தான் பேசுவான். பட்டியல் முடிய நான்கு நாட்கள் இருக்கையில், டீக்கடை வாசலில் என்னை நிறுத்தினான்.

“சார், அந்தப் படில என்னால ஏற முடியாது. திருப்பத்துலயே உக்காந்துருவேன். நம்பர் வரலேன்னா கேட்டாண்ட நிக்கக்கூட வுட மாட்டான். வூட்ல அஞ்சு உருப்படி கீது சார்.”

நான் எண்ணிப் பார்த்தேன். எண்ணிப் பார்க்காமல் செய்தேன் என்று சொல்லித் தப்பிக்க மாட்டேன். கூலிகளின் கூட்டத்தில் ஒரு வழக்கம் இருந்தது. ஒருவன் சுகவீனமானால் அவனைக் குவியலோரம் நிறுத்தி, மூட்டையின் முனையைத் தூக்கிவிடும் இலகுவான வேலையைக் கொடுத்து, அவன் சுமையை மற்றவர்கள் பகிர்ந்துகொள்வார்கள். ஏழுமலையையும் அப்படித் தாங்கிக்கொள்வார்கள். எண் கிடைத்தால் ஒரு குடும்பம் பிழைக்கும், யாருக்கும் நட்டமில்லை. இப்படித்தான் எனக்குத் தோன்றியது.

“உன் தம்பி உன் பெயரில் ஏறட்டும்,” என்றேன்.

மறுநாள் காலை தணிகாசலம் தன் பெயரில் ஏறினான். திருப்பம்வரை இரண்டிரண்டு படிகளாகத் தாவினான்; மேலே மிஸ்ஸி இருப்பது நினைவுக்கு வந்ததுபோல் அதற்கப்பால் ஒவ்வொன்றாக வைத்தான். பென்சில் உடனே ஏறியது. நண்பகலில் அண்ணனின் சட்டையைப் போட்டுக்கொண்டு மீண்டும் வந்தான். அண்ணனுக்காக வந்தவன், அண்ணனைப்போலவே இருக்க வேண்டும் என்று நினைத்துவிட்டான். படிக்குப் படி நின்றான். திருப்பத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, கீழே நின்றவர்களுக்கெல்லாம் கேட்கும்படி இருமினான். தடுப்பருகே வந்து இன்னொரு முறை, இன்னும் சிறப்பாக இருமினான். நோயை மறைக்க அனுப்பப்பட்ட ஆள் நோயை நடித்துக்கொண்டு என் எதிரே நின்றான். 

மிஸ்ஸி பத்து எண்ணும் நேரம் காத்திருந்தார். பென்சிலைத் தொடவில்லை. அவன் போன பிறகு, “பி.ஏ., இங்க வா,” என்றார்.

“இவன் பேரு இன்னா?”

“ஏழுமலை, மிஸ்.”

“காலைல வந்தவன்?”

“தணிகாசலம். அண்ணன் தம்பி. நடை ஒத்திருக்கலாம்.”

“நடை ஒத்துப் போகும். மூச்சு எப்படி ஒத்துப் போகும்? சீக்காளிக்கு இருமல் கஷ்டமே இல்லே மேன், இருமினதுக்கு அப்புறம்தான் கஷ்டம். இவன் இருமிட்டு அப்பாடான்னு நிக்கிறான். குதிரை மாதிரி கீறான். நீதான் சொல்லிக் குடுத்தியா?”

“ஏறச் சொன்னது நான். இருமச் சொல்லவில்லை.”

அவர் சிரித்துவிட்டார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். சிரிப்பு அடங்கியபின் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஜன்னலுக்கு வெளியே நிலக்கரி இறங்கிக்கொண்டிருந்தது.

“ஃபெயிலான குதிரை எங்க போச்சுன்னு நீ என்னைக் கேட்டதே இல்லே,” என்றார்.

நான் கேட்கவில்லைதான்.

“கப்பல் திரும்பிப் போயிருக்கும். எதுல அனுப்புறது? சுவத்துக்குப் பின்னாடி இட்டுகினு போவாங்க. ஒரு சத்தம் கேக்கும். டாடி அன்னிக்கு வூட்ல வந்து டீ குடிக்க மாட்டார். அவர் தப்பா எதுவும் சொல்லலியே மேன். மூச்சு சரியில்லேன்னு சொன்னார், சரியாத்தான் சொன்னார்.”

ஏழுமலையின் தாளை அருகே இழுத்தார். சிவப்புப் பென்சிலால் தம் இரண்டெழுத்துச் சுருக்கொப்பத்தை இட்டார். ஒரு தாள் பொய் என்று தெரிந்தே அவர் ஏற்றது எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான். அன்று மாலை வீடு திரும்புகையில் நான் ஒரு நல்ல காரியத்தின் பங்காளியாக என்னை எண்ணிக்கொண்டேன்.

வில்லை வந்தது. கூடவே புது ஒழுங்கும் வந்தது. ஓர் எண்ணுக்கு ஓர் ஆளின் முழுச் சுமை என்று மேற்பார்வையாளர்கள் மூட்டைகளைக் குறிக்கத் தொடங்கினார்கள். குவியலோரம் நின்று முனையைத் தூக்கும் இடமே ஒழிந்துவிட்டது. தாங்கிப் பிடித்த கூட்டத்தின் கை, நான் வரவேற்ற அதே திட்டத்தால் கட்டப்பட்டது. முதல் வாரத்திலேயே ஏழுமலை படுத்துவிட்டான். ஆனால் அவனுடைய எண் ஒரு நாளும் வேலைக்கு வராமலில்லை. பகல் ஷிப்டில் தணிகாசலம் தன் வில்லையோடு சுமந்தான். மாலை ஷிப்டில் அண்ணனின் வில்லையோடு சுமந்தான். வாசலில் எண்ணைத்தான் பார்த்தார்கள். முகத்தை யாரும் பார்க்கவில்லை.

இதை எங்களுக்குச் சொன்னது படிக்கட்டு. மாதம் ஒருமுறை சீட்டில் முத்திரை வாங்க ஒவ்வொருவனும் மேலே வர வேண்டும். முதல் இரண்டு மாதங்கள் தணிகாசலம் அண்ணனின் சீட்டையும் எடுத்துக்கொண்டு இரண்டிரண்டாகத்தான் தாவினான். தீபாவளிக்குப் பிறகு ஒவ்வொன்றாக ஏறினான். பொங்கல் சமயத்தில் கைப்பிடி கிரீச்சிடத் தொடங்கியது. அதைப் பிடித்து உடலை இழுத்துக்கொண்டு வந்தான். ஒவ்வொரு முறையும் மிஸ்ஸி என்னைப் பார்த்து, “கேட்டியா?” என்பார். நான் பேரேட்டில் தலையைக் கவிழ்த்துக்கொள்வேன்.

ஒருநாள் அவர் திரும்பி உட்கார்ந்து, அவனை நேராகவே கேட்டார். “டேய், ரெண்டு ஷிப்டும் நீதானா?”

“ஆமா மிஸ்ஸி. அண்ணன் படுக்கணும்னு டாக்டர் சொல்லிட்டாரு. நாந்தான் ரெண்டு நம்பரயும் ஓட்டிகினு கீறேன்.”

“நிறுத்துடா. செத்துப் போவே.”

“நிறுத்துறேன். எத நிறுத்தட்டும்? எஞ்சோறயா, அவன் சோறயா? நீயே சொல்லு மிஸ்ஸி.”

அவன் கோபமாகக் கேட்கவில்லை. மார்க்கெட்டில் எந்தக் காயை எடுப்பது என்று கேட்பவன் குரலில் கேட்டான். அவர் இரண்டு சீட்டிலும் முத்திரை குத்தி அவன் பக்கம் தள்ளினார்.

மேலிடத்தில் உண்மையைச் சொன்னால் இரண்டு எண்களும் பறிபோகும். சொல்லாவிட்டால் ஒரு மனிதன் எங்கள் கண்ணெதிரே தேய்வான். நோயுற்ற கூலியின் எண்ணை ஓராண்டு நிறுத்திவைத்துப் பாதிக் கூலியாவது கொடுக்க வேண்டும் என்று, பெயர் எதுவும் குறிப்பிடாமல் நான் ஒரு நீண்ட விண்ணப்பம் எழுதினேன். அவர் அதை மூன்று முறை சோதித்தார். உணர்ச்சி மிகுந்த சொற்களை அடித்தார். “அழுவாதே மேன், கேளு,” என்றார். நான் எழுதியவற்றில் மிகச் சிறந்தது அதுதான். பத்து நாட்களில், இதற்கு விதியில் இடமில்லை என்ற ஒற்றை வரியோடு திரும்பி வந்தது. அந்த வரியின் கீழே முறைப்படி சோதிக்கப்பட்டதற்கான அதே ஆங்கிலச் சொல்லும் ஒரு சுருக்கொப்பமும் இருந்தன.

ஆண்டு முடிந்தது. எல்லோரும் மீண்டும் படியேறி ஃபாரத்தைப் புதுப்பிக்க வேண்டிய நாள் வந்தது.

ஏழுமலை வந்தான். ஓராண்டு ஓய்வு அவன் நெஞ்சை உலர்த்தியிருந்தது. அவசரமின்றி, எங்கும் நிற்காமல் ஏறினான். திருப்பத்தைக் கடந்தபோதும் மூச்சு சீராக இருந்தது. மிஸ்ஸியின் முதுகு நிமிர்ந்ததைப் பார்த்தேன். “இவன் நிஜமாவே வந்துட்டான் மேன்,” என்று மெல்லச் சொல்லிவிட்டுச் சுருக்கொப்பம் இட்டார். ஓராண்டாக நான் காணாத ஒரு தெளிவு அவர் முகத்தில் இருந்தது.

அரைமணி நேரம் கழித்துப் படிகள் மறுபடி அதிர்ந்தன. திருப்பம்வரை இரண்டிரண்டாக, அதற்கப்பால் ஒவ்வொன்றாக. தணிகாசலத்தின் பழைய நடை. நானும் ஒரு கணம் மகிழ்ந்துவிட்டேன். தலை நிமிர்ந்தபோது தடுப்பருகே நின்றது ஏழுமலை. தம்பியின் காக்கி அரைக்கால் சட்டையை அணிந்திருந்தான். கையில் தணிகாசலத்தின் ஃபாரம். இந்த முறை இருமல் ஏதுமில்லை.

மிஸ்ஸி கண்களை மூடியிருந்தார்.

“தம்பி எங்கடா?” என்றார், திறக்காமலே.

ஏழுமலை என்னைப் பார்த்தான். மறைத்துப் பயனில்லை என்று உணர்ந்தவனாக, சட்டென்று எளிதாகிவிட்டான்.

“கீழ உக்காந்துகினு கீறான் மிஸ்ஸி. நெஞ்ச வலிக்குதாம். படி ஏற மாட்டேன்றான். ஒரு வருசம் எனக்காக அவன் சொமந்தான். இப்ப எம் மொற.”

“ரெண்டு ஷிப்டுமா?”

“வேற இன்னா பண்ண?”

அவர் பென்சிலை எடுத்தார். தாளின் மேல் கொண்டுபோய், அப்படியே வைத்திருந்தார். பிறகு அதை மேசையின் குறுக்கே என் பக்கம் உருட்டிவிட்டார்.

“நீ போடு, பி.ஏ.”

“மிஸ், எனக்கு அந்த அதிகாரமில்லை.”

“எனக்கு யாரு குடுத்தா?” என்றார். “ஒருத்தனக் காப்பாத்துனேன்னு போன வருசம் நெனச்சேன். இன்னொருத்தனக் கீழ தள்ளியிருக்கேன். இப்போ கீழ இருக்கறவனக் காப்பாத்துனா இவன் போவான். காப்பாத்தலேன்னா அவன் சோறு போவும். நீ படிச்சவன். சொல்லு.”

மறுத்தால் நேரும் விளைவையும் ஏற்றால் நேரும் விளைவையும் எடைபோட எனக்குத் தெரியும் என்றுதான் அதுவரை நம்பியிருந்தேன். இரண்டு தட்டிலும் ஒரே குடும்பம் உட்கார்ந்திருந்தது.

“சீக்கிரம் போடு சார்,” என்றான் ஏழுமலை. “ஷிப்ட் சங்கு ஊதிடுவான்.”

போட்டேன். என் முதலெழுத்துகள் சிவப்பில் கோணலாக விழுந்தன. அவன் தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்து, இருவருக்கும் பொதுவாக ஒரு கும்பிடு போட்டுவிட்டு இறங்கினான். கீழே தம்பியின் குரல் கேட்டது.

“கெட்ச்சுதா?”

“கெட்ச்சுது. நீ வூட்டுக்குப் போ. போய்ப் படு.”

வரிசையில் அடுத்தவன் முதல் படியில் கால் வைத்தான். மிஸ்ஸி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். படிக்கட்டின் உச்சியில், எப்போதும் திறந்தே கிடந்த கதவைச் சாத்தினார்.